வீட்டிலிருந்தே கணினி விஞ்ஞானப் பட்டம்: முதல் வருடத்தைத் தாண்ட, கொழும்பு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கத்தில் இருந்துகொண்டு தொலைக்கல்வியில் கணினி விஞ்ஞானம் படிக்கத் தொடங்கும் தம்பி தங்கைகளோடு நான் அடிக்கடி பேசுவதுண்டு. கேட்கிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மேலிருந்து வாசியுங்கள். ஏற்கெனவே நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

அக்கா, ஒன்லைன் டிகிரி எண்டா யூடியூப் பார்த்துப் படிக்கிற மாதிரித்தானே?

இல்லை. வீடியோ இருக்கும், ஆனால் அது ஒரு பகுதிதான். வாரவாரம் வாசிப்பு, குவிஸ், பயிற்சி, அப்புறம் ஒப்படை, முடிவில் பரீட்சை என்று முழு ஒழுங்கும் இருக்கும். புள்ளி கிடைப்பது ஒப்படைக்கும் பரீட்சைக்கும். எல்லா வீடியோவும் பார்த்து முடித்துவிட்டேன் என்பதால் பாடம் முடிந்துவிடாது.

கொழும்பில் இருந்தபடி படிக்கிறவர்கள் பொதுவாக மூன்று வழியில் போகிறார்கள். ஒன்று, லண்டன் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானப் பட்டம். 2019இல் கோர்செரா எனும் இணையக் கல்வித் தளத்தில் தொடங்கியது, கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் கல்வி வழிகாட்டலில் நடப்பது. இரண்டாவது, கொழும்புப் பல்கலைக்கழக கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் பி.ஐ.டி. எனும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம். முதல் வருடத்தோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா என்று அதில் இடையிலேயே வெளியேறவும் வழி உண்டு. மூன்றாவது, நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம். கீழே சொல்வதில் பெரும்பகுதி மூன்றுக்கும் பொருந்தும். லண்டனுக்கு மட்டும் உரியதை அங்கங்கே சொல்கிறேன்.

இந்த டிகிரியை இங்க ஏத்துக்கொள்ளுவாங்களா? வீட்ட எல்லாரும் கேக்கினம்.

வோர்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதைத் தரும் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஆகவே பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சான்றிதழில் கையெழுத்திடப்போவது எந்தப் பல்கலைக்கழகம்? நடுவில் நின்று வகுப்பு நடத்தும் நிறுவனத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது இதற்குப் பதில் ஆகாது.

தனியார் மென்பொருள் நிறுவனங்கள் நேர்முகத்தேர்வில் பட்டத்தோடு சேர்த்து உங்கள் கையால் எழுதிய நிரலையும் (கோட்) பார்க்கும். அரச வேலையை மனதில் வைத்திருந்தால் மட்டும் ஆணைக்குழுவின் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பதியும்போது பெயரை எப்பிடிப் போடுறது? எனக்கு சேர்நேம் எண்டு ஒண்டும் இல்லையே.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நமக்கு அப்பா பெயர் முன்னால் வரும், சில ஆவணத்தில் முதலெழுத்து மட்டும் நிற்கும், பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், ஏ.எல். பெறுபேற்றில் இன்னொன்று. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்தும் மாறாமல், படிவத்தில் போடுங்கள். ஒன்லைன் பரீட்சையில் ஆளை உறுதிப்படுத்துவதும், கடைசியில் சான்றிதழ் அச்சாவதும் அந்தப் பெயரில்தான். பழைய லேமினேட் அடையாள அட்டையில் ஆங்கிலம் இல்லாததால் கடவுச்சீட்டோ புதிய ஸ்மார்ட் அட்டையோ கையில் இருப்பது நல்லது.

ஏ.எல். தமிழ் மீடியம். இங்கிலிஷ்ல எல்லாம் விளங்குமா?

முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருக்கும். அதற்குக் காரணம் உங்கள் மூளை இல்லை, வேகம். வீடியோவின் எழுத்து வடிவத்தை முதலில் வாசித்துவிட்டு அப்புறம் வீடியோ போடுங்கள். 0.75 வேகத்தில் பார்க்கலாம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நேரில் நடக்கும் விரிவுரையில் இந்த வசதி கிடையாது.

இன்னொன்று, நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை. தொடைகள், சார்புகள், வரிசைமாற்றம் சேர்மானம், நிகழ்தகவு, துவித எண்கள், தர்க்கப் படலைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் பார்த்தவை. ஒரு சின்னக் கொப்பியில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் நீங்கள் படித்த தமிழ்ச் சொல், கீழே ஒரு உதாரணம் என்று எழுதி வாருங்கள். பாதிப் பாடம் பழையதாகத் தெரியும்.

எழுதும் ஆங்கிலம்தான் உண்மையான சவால். அறிக்கை எழுதும் ஒப்படைகளில் நீளமான அலங்கார வசனம் வேண்டாம். என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், எங்கே சரிவரவில்லை என்று சின்னச் சின்ன வசனமாக எழுதினாலே நல்ல புள்ளி வரும்.

நான் கொமர்ஸ். கம்பைன்ட் மெத்ஸ் செய்யாமல் இதைச் செய்ய ஏலுமா?

ஏலும். முதல் வருடக் கணிதத்தில் பெரும்பங்கு தர்க்கம், தொடைகள், எண்ணுதல், நிறுவல், கொஞ்சம் வரைபுகள். லண்டன் பட்டத்தில் இவை வரும் டிஸ்கிரீட் மெத்தமட்டிக்ஸ் என்ற பாடத்தோடு கொம்பியூட்டேஷனல் மெத்தமட்டிக்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் எண்முறைகள், திரிகோணகணிதம், தாயங்கள் வரும். இணைந்த கணிதம் செய்தவருக்கு இரண்டாவது சுலபம், முதலாவது அவருக்கும் புதிதுதான்.

ஆகவே மூன்று மாதம் கணிதம் படித்துவிட்டுப் பிறகு சேர்கிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். சேர்ந்தபின் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் கணிதத்துக்கென்றே கூடுதலாக ஒதுக்குங்கள். நிறுவல் எழுத வராதவர்களுக்கு என்ன செய்வதென்று பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

என்ன லப்டொப் வாங்குறது? யூனிட்டி பிளாசால ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுறாங்க.

முதல் வருட நிரல்கள் மிகச் சிறியவை. 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. இருந்தால் போதும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷின் என்றால் புதிதாக ஒன்று வாங்காமல் டிஸ்க்கை மட்டும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிப் பாருங்கள், ஆளே மாறிவிடும். கேமிங் மெஷின் தேவையே இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது, வெப்கேம் வேலை செய்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். மிச்சம் பிடிக்கும் காசில் என்ன வாங்கவேண்டும் என்பது மின்வெட்டுக் கேள்வியில் வருகிறது.

வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் படிக்கோணும்? உண்மையைச் சொல்லுங்கோ.

பிரித்தானிய முறையில் 15 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணித்தியாலக் கற்றல் என்று கணக்கு. ஒரு பருவத்தின் இருபது வாரத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு வாரம் ஏழரை மணி. நான்கு பாடம் எடுத்தால் முப்பது. இரண்டு எடுத்தால் பதினைந்து. முழுநேர வேலையோடு நான்கு பாடம் எடுக்கிறேன் என்று சொல்பவரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன்.

வேலை செய்கிறவர் முதல் பருவத்தில் இரண்டுக்கு மேல் எடுக்கவேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதில் ஒன்று நிரலாக்கமாக இருக்கட்டும். மற்றது கணிதமாக இருந்தால் நல்லது, ஏனென்றால் இரண்டும் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அத்திவாரம். நிரலாக்கத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். ஞாயிறு ஏழு மணி நேரம் இருந்து எழுதுவதைவிட ஒவ்வொரு இரவும் முக்கால் மணி எழுதுவது கூடப் பலன் தரும். காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் போய்வருகிறவர்கள் அந்த நேரத்தை வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நிரலுக்கு மேசை வேண்டும்.

காசை ஒரேயடியா கட்டோணுமா?

லண்டன் பட்டத்தில் பாடம் பாடமாகக் கட்டலாம். முழுத்தொகை கட்டுவதைவிட இதுதான் நமக்குப் பாதுகாப்பு. 2022இல் டொலர் 200 ரூபாயளவில் இருந்து 360 வரை சில வாரத்துக்குள் ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். பவுணில் கட்டவேண்டியதை ரூபாயில் கணக்குப் பார்க்கும்போது கொஞ்சம் கூட்டியே வையுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, எல்லைத் தொகை எவ்வளவு என்று கடைசித் திகதிக்கு ஒரு கிழமை முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில ஆறு பேர், ரெண்டு அறை. எங்க இருந்து படிக்கிறது?

கொழும்பில் இதற்கு இடம் இருக்கிறது. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்பு பொது நூலகம், சுதந்திர மாவத்தையில் தேசிய நூலகம், கொள்ளுப்பிட்டிப் பக்கம் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம். வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். எங்கே போனாலும் திறக்கும் நேரத்தையும் லப்டொப் செருக இடம் இருக்கிறதா என்பதையும் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில்தான் இருக்கவேண்டும் என்றால் இடத்தைவிட நேரத்தைப் பிடியுங்கள். விடியற்காலை ஐந்து முதல் ஆறரை வரை பெரும்பாலான வீடுகள் அமைதி. நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா தரும் இணையப் பொதி இருந்தால் அந்த நேரத்தில் வாரத்துக்குரிய வீடியோ முழுவதையும் இறக்கி வைத்துவிடலாம். படுக்கப் போகும்போது டவுன்லோடைப் போட்டுவிட்டால் காலையில் தயார்.

கரண்ட் போனா என்ன செய்யுறது? ஒப்படை குடுக்கிற நேரம் பார்த்துத்தான் போகும்.

2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறன்று எந்த முன்னறிவித்தலும் இல்லாமல் தீவு முழுக்க இருண்டது. ஆகவே கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். ரவுட்டருக்கு ஒரு மினி யூ.பி.எஸ். வாங்குங்கள். ரவுட்டர் அடப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ப எடுக்கவேண்டும். லப்டொப் பற்றரி இரண்டு மணி நின்றால் அன்றைய வேலை முடிந்துவிடும். வீட்டு இணையம் ஒரு நிறுவனம் என்றால் போன் சிம் இன்னொரு நிறுவனமாக இருக்கட்டும். நீண்ட நேர மின்வெட்டில் கோபுரங்களின் பற்றரியும் இறங்கிவிடும் என்பதால் சிம்மை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது.

ஒப்படையை ஒருநாள் முன்பே ஒரு தடவை ஏற்றிவிடுங்கள். பல தளங்கள் கடைசி நேரம்வரை புதிய பிரதியை மாற்றி ஏற்ற விடும். அப்படி விட்டால், முதல்நாள் ஏற்றியது அரைகுறையாக இருந்தாலும் கைவசம் ஒன்று போய்ச் சேர்ந்திருக்கும். விடாத தளம் என்றால் முதல்நாளே முடித்ததைக் கொடுங்கள்.

டெட்லைன் லண்டன் நேரத்தில போட்டிருக்கு. அது இங்க எத்தனை மணி?

குளிர்காலத்தில் நாம் ஐந்தரை மணி முன்னால், கோடையில் நாலரை மணி முன்னால். மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே மணிக்கூடு மாறும், இங்கே மாறாது. லண்டனில் திங்கள் இரவு 11:59 என்றால் ஜனவரியில் நமக்குச் செவ்வாய் காலை 5:29, ஜூனில் 4:29. பருவம் தொடங்கும் நாளிலேயே எல்லாத் திகதியையும் கொழும்பு நேரத்துக்கு மாற்றி போன் கலண்டரில் போட்டுவிடுங்கள். ஒக்டோபரில் தொடங்கும் பருவத்துக்கு உள்ளே ஒரு மாற்றம் வரும், அந்த வாரத்தைச் சிவப்பில் குறியுங்கள்.

வீடியோ பார்க்கேக்க எல்லாம் விளங்குது. எழுத வெளிக்கிட்டா கை ஓடுதில்லை. நான் இதுக்குச் சரிவரமாட்டனோ?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிக அதிகமாகக் கேட்கிறேன், அநேகமாகக் குரல் இறங்கித்தான் கேட்பார்கள். நீங்கள் சரிவருவீர்கள். அம்மா இடியப்பம் பிழிவதைப் பத்து வருடம் பார்த்திருந்தாலும் உரலைக் கையில் எடுத்தால்தான் மாவின் பதம் பிடிபடும். விளங்குவதும் எழுதுவதும் இரண்டு வேறு பழக்கம். வீடியோ முதலாவதை மட்டும்தான் தரும்.

செய்யவேண்டியது இது. விரிவுரையாளர் எழுதிக் காட்டிய நிரலை வீடியோவை மூடிவிட்டு வெறும் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். நிற்கும் இடத்தில் திறந்து பார்த்து, மறுபடி மூடி, தொடக்கத்திலிருந்து எழுதுங்கள். வந்தபிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். லண்டன் பட்டத்தின் முதல் நிரலாக்கப் பாடம் ஜாவாஸ்கிரிப்டில் திரையில் உருவம் வரைவதில் தொடங்கும். அங்கே ஒரு வட்டம் வலப்பக்கம் ஓடுகிறது என்றால், சுவரில் பட்டால் திரும்பி வரச் செய்யுங்கள். அது வந்தால் இரண்டு வட்டம். ஓட்டுமுன் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு ஓட்டுங்கள். எழுதியதும் நடந்ததும் பொருந்தாத இடத்தில்தான் நீங்கள் உண்மையில் படிக்கிறீர்கள்.

ஆறு வாரம் இப்படிச் செய்தும் ஒரு சின்னச் சுற்றுநிரலும் (லூப், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்) சொந்தமாக வரவில்லை என்றால் ஹார்வர்டின் சி.எஸ்.50 வகுப்பின் முதல் சில வாரங்களை இலவசமாகப் பாருங்கள். அது ஸ்க்ராட்ச்சில் கட்டங்களை இழுத்துப் பொருத்துவதில் தொடங்கும். பெரியவர்களுக்கு இது என்னத்துக்கு என்று நினைக்காதீர்கள், தர்க்கம் மட்டும் தனியாகத் தெரிய அது நல்ல வழி.

ஒரு எரர் வந்தா மூண்டு மணித்தியாலம் போயிடுது. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் எரரை வாசியுங்கள். பைத்தன் என்றால் கடைசி வரியில் இருந்து தொடங்குங்கள், என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்கு மேலே. எரரே வராமல் விடை மட்டும் பிழைக்கும்போது பேனையும் கடதாசியும் எடுங்கள்.

ஒரு உதாரணம். 62, 75, 48, 90, 55 என்று ஐந்து பாடப் புள்ளிகள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. சராசரி 66 வரவேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய நிரல் எண்ணே இல்லாமல் ‘நேன்’ என்று காட்டுகிறது. கடதாசியில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: சுற்று இலக்கம், எடுத்த எண், அதுவரை கூட்டுத்தொகை. 0ஆவது இடத்தில் 62, தொகை 62. 1இல் 75, தொகை 137. 2இல் 48, தொகை 185. 3இல் 90, தொகை 275. 4இல் 55, தொகை 330. இத்தோடு முடியவேண்டும். ஆனால் நிரலில் ‘ஐந்தைவிடக் குறைவு’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘ஐந்தைவிடக் குறைவு அல்லது சமம்’ என்று இருக்கிறது. ஆகவே 5ஆவது இடத்துக்கும் போகிறது, அங்கே எதுவும் இல்லை. 330ஓடு இல்லாத ஒன்றைக் கூட்டினால் எண் வராது. இதே பிழையைப் பைத்தனில் செய்தால் பட்டியலுக்கு வெளியே போகிறாய் என்று அது அங்கேயே நின்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் சொல்லாமல் ஓடி முடித்துவிடும்.

அரை மணி இப்படிப் பார்த்தும் பிடிபடாவிட்டால் கேளுங்கள். கேட்கும்போது மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன வரவேண்டும், என்ன வருகிறது, இதுவரை எதையெல்லாம் பார்த்தேன். “கோட் வேலை செய்யுதில்லை, உதவுங்கோ” என்ற செய்திக்கு யாரும் பதில் போடாததற்குக் காரணம் அவர்களுக்கு மனமில்லை என்பதல்ல, பிடிக்க ஒரு நுனி இல்லை.

டிஸ்கிரீட் மெத்ஸ்ல விடை தெரியுது, ஆனா நிறுவ ஏலாமல் இருக்கு.

பெரும்பாலும் ஆட்கள் தடுக்கி விழுவது ‘என்றால்’ என்ற வசனத்தில். “வெள்ளிக்கிழமை என்றால் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போவேன்” என்று ஒருவர் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை அவரைக் கோயிலில் பார்க்கிறீர்கள். அவர் பொய் சொன்னாரா? இல்லை. செவ்வாய் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளி வந்தும் போகாமல் இருந்தால் மட்டும்தான் அந்த வசனம் பொய். உண்மை அட்டவணையில் முதற்பகுதி பொய்யாக இருக்கும்போது முழு வசனமும் ஏன் உண்மையாக நிற்கிறது என்பது இவ்வளவுதான்.

நிறுவலைப் பாடமாக்க வேண்டாம். பாடப்பகுதியில் உள்ள ஒரு நிறுவலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இந்த வரி எங்கிருந்து வந்தது என்று தமிழிலேயே எழுதுங்கள். காரணம் எழுத முடியாத வரிதான் உங்களுக்கு விளங்காத வரி. தொகுத்தறிதலில் (இண்டக்ஷன்: முதல் எண்ணுக்குச் சரி என்று காட்டி, ஒன்றுக்குச் சரியென்றால் அடுத்ததுக்கும் சரி என்று காட்டும் முறை) முதற்படியை விட்டுவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அதற்குப் புள்ளி போகும். எம்.ஐ.டி. தன் இணையதளத்தில் கணினி விஞ்ஞானத்துக்கான கணித வகுப்பு முழுவதையும் இலவசமாக வைத்திருக்கிறது. கஷ்டமானது, ஆனால் தர்க்கமும் தொகுத்தறிதலும் வரும் முதல் பகுதிகள் மிகத் தெளிவு.

சட்ஜிபிடியிட்ட கேட்டா பிழையா?

அது 2022 நவம்பரில் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி நின்றதே இல்லை. முதலில் உங்கள் பாடத்தின் விதியை வாசியுங்கள். ஒரே பட்டத்துக்குள்ளேயே ஒரு பாடம் விடும், இன்னொன்று விடாது.

விதிக்கு அப்பால் என் எண்ணம் இது: விளக்கம் கேளுங்கள், விடை கேட்காதீர்கள். “இந்த எரர் எதனால் வரும்”, “இதை இன்னும் சுலபமாகச் சொல்”, “இந்தப் பகுதியில் எனக்கு ஐந்து கேள்வி தா” என்பதெல்லாம் நல்ல பயன். ஒப்படைக் கேள்வியை அப்படியே ஒட்டி வரும் நிரலை எடுத்தால், மேலே சொன்ன எழுதும் பழக்கம் உங்கள் கைக்கு வராமலே போகும். இரண்டாம் வருடத்தில் தரவுக் கட்டமைப்புகள் வரும்போது அது தெரியவரும். அந்த இடத்தில் சிக்கி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தும்.

கூட்டாளியிட கோட்டைப் பார்த்து, வேரியபிள் பெயரெல்லாம் மாத்திக் குடுத்தா பிடிபடுமா?

பிடிபடும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1994இல் உருவான மொஸ் போன்ற கருவிகள் பெயர்களைப் பார்ப்பதே இல்லை. நிரலின் கட்டமைப்பைச் சின்னத் துண்டுகளாக்கி அவற்றை ஒப்பிடும். பெயர், இடைவெளி, குறிப்புரை எல்லாம் மாற்றினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். கொடுத்தவரும் வாங்கியவரும் இரண்டு பேருமே மாட்டுவார்கள்.

சேர்ந்து படிப்பது வேறு. கடதாசியில் படம் போட்டு எப்படிச் செய்யலாம் என்று பேசுங்கள், அப்புறம் அவரவர் வீட்டில் தனியாக எழுதுங்கள். நிரலின் மாற்றங்களைத் திகதியோடு சேமிக்கும் ‘கிட்’ என்ற கருவியைப் பழகி, எழுதும் ஒவ்வொரு நாளும் ஒரு கமிட் (அன்றைய பதிவு) போட்டு வந்தால், உங்கள் வேலை படிப்படியாக வளர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வாட்ஸ்அப் குரூப்பில 200 பேர் இருக்கினம், ஆனாலும் தனியத்தான் இருக்கிற மாதிரி.

பெரிய குரூப் அறிவித்தலுக்கு மட்டும். பரீட்சை நெருங்கும்போது அங்கே வதந்தியும் பதற்றமும்தான் கூடும், அந்த நாட்களில் மியூட் செய்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு பேர் அல்லது மூன்று பேர். ஒரே பாடம் எடுக்கிறவர்களைத் தேடி, வாரத்தில் ஒரு நாள் ஒரே நேரத்துக்கு, முடிந்தால் நேரில், மேலே சொன்ன நூலகம் ஒன்றில் சந்தியுங்கள். அந்த வாரம் செய்ததை ஒவ்வொருவரும் மற்றவருக்கு விளக்கவேண்டும்.

தொலைக்கல்வியில் ஆட்களைக் கவிழ்ப்பது பாடத்தின் கடுமை அல்ல, வாய் திறக்காமல் இருப்பதுதான். வகுப்பறையில் நீங்கள் வராவிட்டால் பக்கத்துக் கதிரைக்காரர் கேட்பார். இங்கே கேட்க ஆளை நீங்கள்தான் ஏற்படுத்தவேண்டும்.

வீட்டில இருக்கிறன் எண்டு எல்லா வேலைக்கும் கூப்பிடுறாங்க. நான் பொம்பிளைப் பிள்ளை, இல்லை எண்டு சொல்லவும் ஏலாது.

இதை எத்தனையோ தங்கைகள் கேட்டிருக்கிறார்கள். லப்டொப் முன்னால் இருப்பது படிப்பா விளையாட்டா என்று அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். நேரசூசியைப் பெரிதாக எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். பரீட்சைத் திகதி, கட்டிய காசு, இரண்டும் அதில் இருக்கட்டும். “மாலை ஆறு முதல் எட்டு வகுப்பு” என்று சொல்லுங்கள், பதிவு செய்த வீடியோவாக இருந்தாலும் அது வகுப்புத்தான். அந்த இரண்டு மணிக்குப் பதிலாக எந்த நேரத்தில் வேலைக்கு வருவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் கேட்பார்கள். தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: அக்கா படிக்கும் நேரத்தில் தேத்தண்ணியை நீங்கள் போடலாம்.

நாலு கிழமை விட்டுட்டன். இனி எங்கயிருந்து தொடங்குறது?

விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். நாலு வாரத்தை வரிசையாக முடிக்கப் போனால் வகுப்பு இன்னும் நாலு வாரம் ஓடிவிடும். அடுத்து கொடுக்கவேண்டிய ஒப்படை எது என்று பாருங்கள். அதைச் செய்ய எந்தப் பகுதிகள் தேவை என்று கேள்வியைப் பிரித்து எழுதுங்கள், அவற்றை மட்டும் முதலில் படியுங்கள். மிச்சத்தைப் பரீட்சைக்கு முன்னான வாரங்களுக்கு ஒதுக்குங்கள். நிரலாக்கத்தில் மட்டும் கொஞ்சம் கவனம், சுற்றுநிரல் வராமல் பட்டியலுக்குப் போகமுடியாது. அங்கே ஒரு படி பின்னால் போகத்தான் வேண்டும்.

வருத்தம், வீட்டில் இழப்பு, வெள்ளம் போன்ற காரணம் என்றால் விசேட சூழ்நிலை விண்ணப்பம் ஒன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உண்டு. அதற்கும் கடைசித் திகதி இருக்கும். மருத்துவச் சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். மின்வெட்டு என்றால் அறிவித்தலையும் ஸ்கிரீன்ஷொட்களையும் நேரத்தோடு சேமியுங்கள். நடந்த அன்றே எழுதுங்கள், பெறுபேறு வந்தபின் எழுதினால் எடுபடுவது கடினம்.

ஒன்லைன் எக்ஸாம் நடக்கேக்க லைன் கட்டாயிட்டா?

பெரும்பாலான முறைகளில் எழுதியது அவ்வப்போது சேமிக்கப்படும், நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். போன் ஹொட்ஸ்பொட்டை முதல்நாளே லப்டொப்போடு இணைத்துப் பழகுங்கள், அன்றைக்குக் கடவுச்சொல் தேடக்கூடாது. கமரா கண்காணிப்பு உள்ள பரீட்சை என்றால் போனைத் தொடலாமா என்று விதியில் முன்பே பாருங்கள். மாதிரிப் பரீட்சை திறந்துவிட்டால் அதே மேசை, அதே இணையம், அதே நேரத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். லைன் கட்டானால் நேரத்தைக் குறித்து உதவி மையத்துக்கு உடனே எழுதுங்கள், அந்த மின்னஞ்சல் பிறகு விசேட சூழ்நிலை விண்ணப்பத்துக்கு ஆதாரமாகும்.

ஒரு பாடம் பெயில். நிப்பாட்டுறதா, தொடர்றதா?

ஒரு பாடத்தின் பெறுபேற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். திரும்ப எழுத வாய்ப்பு இருக்கும். எத்தனை முறை, புள்ளிக்கு எல்லை உண்டா என்பதை விதிக்கோவையில் பாருங்கள். பல பிரித்தானியப் பட்டங்களில் முதல் வருடப் புள்ளியின் எடை பின்வரும் வருடங்களைவிடக் குறைவு, உங்களுடையதில் எப்படி என்பதும் அங்கேயே இருக்கும். அடுத்த பருவத்தில் பெயிலான பாடத்தோடு இன்னும் ஒன்று மட்டும் எடுங்கள், மூன்று வேண்டாம்.

நிறுத்துவது பற்றி யோசிக்கும்போது பாடம் பிடிக்கவில்லையா, இல்லை இந்தப் படிக்கும் முறை ஒத்துவரவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். நிரல் ஓடும்போது கொஞ்சமாவது சந்தோஷம் வருகிறது, ஆனால் தனியாக இருந்து படிக்க முடியவில்லை என்றால் பகல் வகுப்புகளும் பிராந்திய நிலையங்களும் உள்ள திறந்த பல்கலைக்கழகம் உங்களுக்குப் பொருந்தலாம். பி.ஐ.டி. படிக்கிறவர் என்றால் முதல் வருடத்தை எப்படியாவது முடித்து டிப்ளோமாவைக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், பிறகு தொடரலாம். நிரலே பிடிக்கவில்லை என்றால் அதை இரண்டாம் பருவக் கட்டணம் கட்டுமுன் வீட்டில் சொல்லிவிடுங்கள்.